நோயின் பெயர் வசைச்சொல் ஆகலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நிலையில்லாமல் நடப்பவரைச் சொல்ல ‘பைபோலார்’ என்ற மனநோயின் பெயரைப் போன்ற மருத்துவச் சொற்கள் பேச்சுவழக்குக்கு வந்தது நன்மையா, தீமையா? தீமைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, இந்தச் சொல் எல்லார் வாயிலும் புழங்கினால் நோயைப் பற்றிய கூச்சம் போய்விடும் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த இடத்தில் புழங்குகிறது? காலையில் லீவுக்குச் சரி சொன்ன மேலாளர் மாலையில் முடியாது என்கிறார். உடனே, “அந்த ஆளு பைபோலார்டா!”

நடுவர் அவர்களே, பைபோலார் என்பது காலைக்கும் மாலைக்கும் பேச்சு மாறுவது கிடையாது. மனம் எழுச்சிக்கும் சோர்வுக்கும் கட்டம் கட்டமாக மாறுகிற நோய் அது. ‘மேனியா’ என்கிற எழுச்சிக் கட்டம் பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்கும். தூக்கம் குறையும், களைப்பு தெரியாது, பேச்சு நிற்காது, கையிருப்பு கரைவதுகூடத் தெரியாமல் செலவழிப்பவர்கள் உண்டு. மனச்சோர்வுக் கட்டம் வந்தால் இரண்டு வாரமாவது ஆளை எழவிடாது. இடைப்பட்ட காலத்தில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, எல்லோரையும் போல வேலைக்குப் போய் வருவார்கள். இந்த நோயின் எழுச்சிக் கட்டத்துக்கு லித்தியம் என்கிற மருந்து உதவுகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதினார். இன்றும் ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துச் சோதித்து, விடாமல் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பக்கத்து மேசையிலிருந்து நம் பேச்சைக் கேட்டால், தன் நோயைப் பற்றி வாய் திறப்பாரா? கூச்சம் எங்கே போனது சகோதரி? கூடியல்லவா இருக்கிறது!

அப்புறம் இன்னொரு நண்பர், தமிழில் அதற்குச் சொல் இல்லையே என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆதாயத்துக்காக மாறுகிறவர் பச்சோந்தி. முடிவெடுக்க முடியாமல் தவிப்பவருக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஆசை காட்டிய பக்கம் சாய்பவர் சபலபுத்திக்காரர். சட்டென்று சீறுபவர் முன்கோபி. ஒவ்வொரு சொல்லும் அந்த ஆள் ஏன் அப்படி நடக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நம் மேலாளர் மேலிடத்துக்குப் பயந்து பேச்சை மாற்றினாரா, யாருக்காவது சலுகை காட்ட மாற்றினாரா? பைபோலார் என்றதும் அந்தக் கேள்வியே நின்றுவிடுகிறது. அவர் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் கழன்றுவிடுகிறது.

ஜப்பானில் ஸ்கிசோஃப்ரினியா என்கிற இன்னொரு மனநோய்க்கு ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அது தங்களைக் காயப்படுத்துகிறது என்று நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். 2002இல் அங்குள்ள மனநல மருத்துவர்கள் பெயரையே மாற்றினார்கள். நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. நாளைக்கு அலுவலகத்தில் “பேச்சு மாறிட்டார்” என்று சொன்னால் போதும். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.