ஆட விட்டீர்களா, சொல்லுங்கள்!

நடுவர் ஐயா அவர்களே, பென்னாகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

விளையாட்டில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் போட்டியிட முடியும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் நூறு மீட்டர் கணக்கை எடுத்து வைத்தார். உசைன் போல்ட் 9.58 விநாடி, பெண்களில் புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49, அப்புறம் எங்கே சமம் என்றார். கணக்கு சரி, நான் மறுக்கவில்லை. வயதுக்கு வந்தபின் ஆண் உடம்பில் கூடுதலாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தசையையும், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கூட்டுகிறது, அந்த வேகம் அதில் வருவதுதான். ஆனால் மல்யுத்தத்தில் 57 கிலோக்காரரை 97 கிலோக்காரரோடு மோத விடுகிறோமா அண்ணா? பாரிஸ் ஒலிம்பிக்கில் நம்ம அமன் செராவத் 57 கிலோ பிரிவில் வாங்கிய வெண்கலத்தை யாராவது மட்டமாகப் பேசினோமா?

சரி, தசைபலம் முடிவு செய்யாத ஆட்டத்துக்கு வாருங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக், ஸ்கீட் துப்பாக்கி சுடுதல், ஆணும் பெண்ணும் ஒரே களத்தில். பறக்கும் தட்டுகளைச் சுட வேண்டும். சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண் தகுதிச் சுற்றில் 200க்கு 200 அடித்தார், இறுதியையும் சேர்த்து 225க்கு 223, தங்கம் அவருக்கு, வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய இரண்டு பேரும் ஆண்கள். அடுத்த ஒலிம்பிக்கில் என்ன நடந்தது தெரியுமா? ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது, பெண்களுக்குத் தனிப் போட்டியும் வைக்கவில்லை, தங்கம் வென்றவர் அந்தப் பதக்கத்தைக் காக்கக் களத்துக்கே வர முடியவில்லை. 2000 சிட்னி வரை கதவு சாத்தியே இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது ஐயா.

1926இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திய அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடர்லியும், அதுவரை நீந்தியிருந்த ஆண்களில் மிக வேகமானவரைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவாக எடுத்துக் கரையேறினார்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். பெண் பிறந்தால் கள்ளிப்பால் என்று பேர் வாங்கியது நம்ம தருமபுரி மாவட்டம், தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துதான் பல பிள்ளைகள் பிழைத்தார்கள். பிழைத்த பிள்ளைக்குக் கிரவுண்டு கிடைத்ததா? நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் பையன்கள் வாலிபாலோடு ஓடுவார்கள், நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதுவோம். என் சித்தி மகள் கபடியில் ரெய்டு போனால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்ப மாட்டாள், பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ஆடவே விடாமல் வைத்துவிட்டு ஆணோடு சமமாக ஆட முடியுமா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அவள் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருக்கிற சின்னவள் அவள் மகள், ஏழாவது படிக்கிறாள், கோகோ ஆடுகிறாள், காலில் இருக்கிற ஷூ போன மாதம் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஐயா, அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.