எது போட்டாலும் எரிகிற முகத்துக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் தோல் மருத்துவம் பார்க்கிற எனக்கு அன்றாடம் காதில் விழுகிற புகார் ஒன்று உண்டு. "மூக்குல எண்ணெய் வழியுது டாக்டர், கன்னத்துல தோல் உரியுது. எதைப் போட்டாலும் எரியுது." அல்சூர், சிவாஜி நகர், ஒயிட்ஃபீல்டு என்று எங்கிருந்து வந்தாலும் இதே பேச்சுதான். முன்பெல்லாம் பெண்கள்தான் சொல்வார்கள். இப்போது காலேஜ் பையன்களும் சொல்கிறார்கள்.

நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய மூன்று இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். கன்னத்தில் அவ்வளவு கிடையாது. அதனால் நம்மில் பலருக்கும் முகம் ஓரிடத்தில் பளபளக்கும், ஓரிடத்தில் வறளும். 'காம்பினேஷன் ஸ்கின்' என்று சொல்வது இதைத்தான். இது நோய் இல்லை, இதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது அந்த எரிச்சலை.

தோலின் மேலடுக்கு ஒரு தலைமுடியின் பருமனைவிட மெல்லியது. செங்கல் வைத்துச் சாந்து பூசிய சுவரைப் போன்ற அமைப்பு அதற்கு. செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்தது சாந்து. சாந்து உதிர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் எல்லாம் உள்ளே நுழையும். நேற்றுவரை ஒத்துக்கொண்ட க்ரீம்கூட இன்று சுரீரென்று எரியும். பிறவியிலேயே மென்மையான தோல் உள்ளவர்கள் உண்டு. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அந்தச் சாந்தை உதிர்த்தது அவர்கள் செய்த பராமரிப்புதான். அதனால் எதைப் புதிதாகப் போடலாம் என்று கேட்பவர்களிடம், எதையெல்லாம் நிறுத்தலாம் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் ஆசிட், ரெட்டினால், வால்நட் ஸ்க்ரப், பன்னீர், அதோடு ஊரிலிருந்து பாட்டி அரைத்து அனுப்பிய நலங்கு மாவு. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பெரிய குற்றம் சொல்ல முடியாது. அத்தனையும் ஒரே வாரத்தில் ஒரே முகத்தில் ஏறியிருக்கின்றன. கன்னம் இழுத்துக் கட்டியது மாதிரி மினுமினுத்தது, மூக்கு மடிப்பில் வெள்ளையாகச் செதில், வாயோரம் சிவந்திருந்தது. நான்கு வாரத்துக்கு எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். அடியில் பிறக்கிற தோல் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். அதற்குள் பலன் தெரியவில்லையே என்று பாட்டிலை மாற்றிக்கொண்டே இருந்தால் தோல் ஆற வழியில்லை.

அந்த நான்கு வாரமும் மூன்றே பொருள் போதும். முகம் கழுவ ஒன்று, ஈரம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று.

கழுவுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தவறு அங்கேதான் நடக்கிறது. பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து மேலேற்றி வருகிறது. அது எட்டாத இடங்களில் போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான். போர்வெல் தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் கூடுதலாக இருக்கும். சோப்பு நுரைக்காது, பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு முகத்திலும் தங்கும். சாதாரண சோப்புக் கட்டியின் பி.எச். அளவு (குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 9 முதல் 10 வரை. நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ஆகவே சோப்பில்லாத, வாசனை சேர்க்காத ஃபேஸ் வாஷ் வாங்குங்கள். நுரை குறைவாக இருந்தால் நல்லது. கழுவினால் முகம் 'க்ரீச்' என்று சுத்தமாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த உணர்வு வந்தால் தேவையான எண்ணெயும் போய்விட்டது என்று பொருள்.

ராத்திரி ஒரு தடவை ஃபேஸ் வாஷ், காலையில் வெறும் தண்ணீர். விரல் நுனியால் முதலில் மூக்கு, நெற்றி, மோவாய் என்று அரை நிமிஷம் தேய்த்துவிட்டு, விரலில் மிஞ்சியதை மட்டும் கன்னத்தில் ஒரு தடவை ஓட்டிக் கழுவிவிடுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் கீசர் வெந்நீரை முகத்தில் ஊற்ற ஆசையாக இருக்கும், வேண்டாம். வீட்டில் டேங்கர் தண்ணீர் என்றால் கடைசியாக ஒரு சொம்பு வடிகட்டிய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

முகத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். எண்ணெய் வழிகிற முகத்துக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய்ப் பசையான தோலிலும் தண்ணீர் வற்றும். இரண்டு டப்பா வாங்க வேண்டியதில்லை. கிளிசரினும் செராமைடும் உள்ள சாதாரண லோஷன் ஒன்று போதும். நெற்றி, மூக்குக்கு லேசாக, கன்னத்துக்கு இரண்டு பூச்சு. உரிகிற மூக்கோரத்தில் ராத்திரி கடுகளவு வாசலின் வைக்கலாம். தேங்காய் எண்ணெய் கை காலுக்கு நல்ல மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரு வருகிற நெற்றிக்கு மட்டும் அது வேண்டாம், துவாரத்தை அடைக்கும்.

இந்த ஊர்க் காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் சுடவில்லை என்று நினைக்கிறோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் வாக்கில் கூடும். மேகமும் அதை முழுதாகத் தடுக்காது. எரிகிற தோலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு சேர்ந்த சன்ஸ்கிரீன் ஒத்துக்கொள்ளும், வெயில் தடுப்பு அளவைச் சொல்லும் எஸ்.பி.எஃப். எண் 30 போதும். நம் நிறத்துக்கு அது சாம்பல் பூசினாற்போல் தெரிகிறதே என்றால், அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே வருவதைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மாநிறத் தோலில் கருமையை உண்டாக்கும். அதை அயர்ன் ஆக்ஸைடு குறைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். பட்டாணியளவு தடவினால் டப்பாவில் எழுதியிருக்கிற பாதுகாப்பு கிடைக்காது.

சமையலறைப் பொருள்களில் பயத்தமாவைச் சலித்துக் குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவினால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது, பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

நான் மிகவும் வருத்தத்தோடு பேசுகிற விஷயம் இனிமேல்தான் வருகிறது. முகம் வெளுக்க என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பிலும் பார்லரிலும் கைமாறுகிற டியூப்கள். பலவற்றில் இருப்பது, வீக்கத்தையும் அரிப்பையும் அடக்க மருத்துவர் எழுதித் தருகிற ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், டியூப் இன்னும் நாலு பேருக்குப் போகும். சில மாதத்தில் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு பொங்கும், கன்னத்தில் முடி வளரும், வெயிலில் போனால் தீயாய் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதற்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று ஒரு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. இந்தப் பூச்சு மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இருந்தும் பார்லரில் பெயரில்லாத குட்டி டப்பாவில் கிடைக்கிறது. மாதக்கணக்கில் தடவியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டினால் படிப்படியாகக் குறைத்து வெளியே கொண்டுவருவார். வெட்கப்பட வேண்டியது அதை விற்றவர்கள்.

நான்கு வாரம் கழித்து எரிச்சல் அடங்கியதும் ஆசைப்பட்ட ஒன்றைச் சேர்க்கலாம். ஒன்றை மட்டும். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு வாரம் காலையும் மாலையும் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். வைட்டமின் பி3 வகையான நயாசினமைடு நல்ல தொடக்கம், ஐந்து சதவீதத்துக்கு மேல் தேவையில்லை. முகம் கழுவியபின் தடவுகிற டோனர் இல்லாமலே காலம் தள்ளலாம்.

இவ்வளவு செய்தும் இமை வீங்குகிறது, கழுத்து மடிப்பில் அரிக்கிறது என்றால் நீங்கள் பூசுகிற எதன் மீதும் பழி இல்லாமல் இருக்கலாம். வீட்டைச் சுற்றிக் காலி மனையில் வெள்ளைப் பொடிப்பூவோடு கேரட் இலை மாதிரி ஒரு களை நிற்கிறதா என்று பாருங்கள். பார்த்தீனியம், இந்தப் பக்கத்தில் காங்கிரஸ் செடி என்பார்கள். அதைத் தின்பதற்கென்றே மெக்சிகோ வண்டுகளைக் கொண்டுவந்து 1984-ல் இந்தப் பெங்களூரில்தான் விட்டார்கள். அப்படியும் செடி ஒழியவில்லை. காய்ந்த தூள் காற்றில் பறந்து ஒவ்வாமை உள்ளவர்களின் இமையிலும் கழுத்திலும் ஒட்டும். முதுகில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்டில் இது தெரியவரும். அதுவரை அந்த மனையை ஒட்டி வாக்கிங் போகாதீர்கள், வெளியே போய் வந்ததும் முகத்தோடு கழுத்தையும் கழுவுங்கள், துணியை மொட்டை மாடிக் காற்றில் காயப்போடாமல் உள்ளே உலர்த்துங்கள். வணக்கம்.