தோல்வியைத் தேடிப்போன கோச்: பாட் சம்மிட்

பாட் சம்மிட் என்று பெயரைச் சொன்னாலே அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு எண்களை ஒப்பிப்பார்கள். 1098 வெற்றி, 8 தேசியப் பட்டம். டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு அவர் 38 சீசன் கோச்சாக இருந்தார். அதில் ஒரு சீசனில்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகமானதில்லை. எனக்கென்னவோ அந்த எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கும் இன்னொரு எண்தான் சுவாரசியம். 208. தோற்ற ஆட்டங்கள். அவற்றில் பல, அவரே வலியப் போய் வாங்கிக்கொண்டவை.

(திரையில்: டென்னசி மாநில வரைபடம்)

1952-ல் பிறந்தவர். புகையிலையும் கறவை மாடுகளும் இருந்த பண்ணைக் குடும்பம். மூன்று அண்ணன்கள். பண்ணை வேலை முடிந்ததும் வைக்கோல் பரணில் கூடை மாட்டி ஆடுவார்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது, அந்த ஊர்ப் பள்ளியில் பெண்கள் அணியே இல்லை. அப்பா என்ன செய்தார் தெரியுமா? அணி இருக்கிற பள்ளியைப் பார்த்து, பக்கத்து மாவட்டத்துக்குக் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கல்லூரி வந்தபோது வேறு சிக்கல். அண்ணன்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. பெண்களுக்கு அப்படி ஒன்று அப்போது கிடையாது. பெற்றோர்தான் கைக்காசு போட்டுப் படிக்க வைத்தார்கள். 1972-ல் டைட்டில் நைன் என்ற சட்டப் பிரிவு வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண், பெண் பாகுபாடு காட்டக்கூடாது என்றது அது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே காசு வந்துவிடுமா?

1974-ல் பாட் சம்மிட்டுக்கு 22 வயது. மேற்படிப்புக்கு டென்னசி பல்கலைக்கழகத்துக்கு வருகிறார், அணிக்கு உதவியாளராக இருப்பதாகப் பேச்சு. தலைமைக் கோச் நீண்ட விடுப்பில் போகிறார். சரி, நீயே பார்த்துக்கொள் என்று பொறுப்பு இவர் தலையில் வந்து விழுகிறது. மாதச் சம்பளம் 250 டாலர். அந்தக் காசுக்கு அணியின் வேனை ஓட்ட வேண்டும், சீருடையைத் துவைக்க வேண்டும். சீருடைக்கான பணமே டோனட் விற்றுச் சேர்த்தது. இதற்கிடையில் சொந்தப் படிப்பு, வகுப்பு எடுக்கும் வேலை, கல்லூரிக் கடைசி வருடத்தில் கிழிந்த முழங்கால் தசைநாருக்குப் பயிற்சி. ஏனென்றால் 1976 ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்ற கனவையும் அவர் விடவில்லை. அவர் அணியில் இருந்த சிலர் அவரைவிட ஒரே ஒரு வயதுதான் சின்னவர்கள்.

அணித் தேர்வன்று வந்தவர்களை ஓட விட்டார். நான்கு பெண்கள் ஓடினார்கள், கோட்டைத் தாண்டினார்கள், அப்படியே கதவைத் தாண்டி வெளியே போனவர்கள் திரும்பி வரவேயில்லை. இதைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். முதல் ஆட்டம் மெர்சர் கல்லூரியுடன். 84-83, ஒரே புள்ளியில் தோல்வி.

1976 மான்ட்ரியல். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட்ட முதல் வருடம். பாட் அமெரிக்க அணியின் இணைத் தலைவி, வெள்ளிப் பதக்கம். 1984 லாஸ் ஏஞ்சலஸில் அதே அணிக்குக் கோச், தங்கம்.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒரு விஷயம். அந்தக் காலத்து டென்னசி பள்ளிகளில் பெண்கள் ஆடிய கூடைப்பந்தே வேறு.

(திரையில்: பாதியாகப் பிரிக்கப்பட்ட ஆடுகளம். ஒவ்வொரு பாதியிலும் மூன்று மூன்று புள்ளிகள்)

அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போடுவார்கள். மற்ற மூன்று பேர் மறு பாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண்களின் உடம்பு தாங்காது என்று ஒரு பழைய நம்பிக்கை. இதனால் என்ன ஆகும்? தடுப்பாட்டக்காரி நான்கு வருடம் ஆடியும் ஆட்டத்தில் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்து எறிந்திருக்க மாட்டாள். கல்லூரி ஆட்டமோ ஐந்து பேர், முழு மைதானம். வெளி மாநிலப் பெண்கள் இரண்டும் தெரிந்து வருவார்கள், உள்ளூர்ப் பெண்ணுக்குப் பாதி ஆட்டம்தான் தெரியும். உதவித்தொகை யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பள்ளி மாணவி இதை எதிர்த்து வழக்குப் போட்டபோது, பாட் 1976-ல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கீழ் நீதிமன்றத்தில் மாணவி ஜெயித்தார், மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிவிட்டது. பாட் விடவில்லை. விதியை மாற்றாவிட்டால் டென்னசிப் பள்ளிகளிலிருந்து இனி ஆள் எடுக்க மாட்டேன் என்று அறிவித்தார். சொந்த மாநிலத்தின் பெயரை மார்பில் போட்டு ஆடுகிற அணியின் கோச் இப்படிச் சொல்கிறார்! 1979-ல் விதி மாறியது. கோப்பைகளையெல்லாம் விட்டுவிட்டு அவர் செய்த ஒரே காரியத்தைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் அவருடைய பயிற்சி முறை. கல்லூரியில் படிக்கும் ஆண் மாணவர்களைக் கூப்பிட்டுத் தன் அணிக்கு எதிராக ஆட வைத்தார். அவர்கள் போட்டியில் ஆடப் போவதில்லை. அவர்கள் வேலை உயரத்திலும் வேகத்திலும் இந்தப் பெண்களைத் திணறடிப்பது. மாற்று வீராங்கனைகளோடு மட்டும் மோதினால் நம் பலவீனம் நமக்கே தெரியாது, தினமும் தோற்க வைக்கும் ஆள் எதிரில் வேண்டும். இன்றைக்கு அமெரிக்காவின் பெரிய பெண்கள் அணிகளில் இது சாதாரண நடைமுறை.

இவ்வளவு செய்தும் பட்டம் சீக்கிரம் வரவில்லை. 1980, 81, 84 என்று இறுதி வரை போய்ப் போய்த் தோற்றார்கள். பெரிய ஆட்டம் என்றால் பாட் ஜெயிக்க மாட்டார் என்றுகூடப் பேசினார்கள். 1987-ல் லூசியானா டெக் அணியை 67-44 என்று அடித்து முதல் தேசியப் பட்டம். வேலைக்கு வந்து 13 வருடம் ஆகியிருந்தது. 1989, 1991-லும் பட்டம்.

1995 ஜனவரி. கனெக்டிகட் என்ற அணி மேலே வந்துகொண்டிருக்கிறது, கோச் ஜீனோ ஆரியெம்மா. சீசன் நடுவே தேசியத் தொலைக்காட்சியில் ஒரு ஆட்டம் வைக்கலாமா என்று கேட்டார்கள். டென்னசி அப்போது தேசியத் தரவரிசையில் முதல் இடம். ஒத்துக்கொண்டால் இழப்பதற்குத்தான் நிறைய. அதுவும் எதிராளியின் சொந்த அரங்கத்தில். விளையாட்டுக்கு நல்லது என்று சொல்லி பாட் ஒத்துக்கொண்டார். 77-66, தோல்வி. முதல் இடம் போயிற்று. அதே வருடம் தேசிய இறுதியிலும் அதே கனெக்டிகட்டிடம் தோல்வி. ஆனால் பெண்கள் கூடைப்பந்துக்கு அதுவரை இல்லாத ஒன்று கிடைத்துவிட்டது: நாடே உட்கார்ந்து பார்க்கிற பரம பகை.

1996-ல் பட்டம். 1997 சீசன் எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்து ஆட்டம் தோற்றார்கள். டென்னசிக்கு அது கேவலமான கணக்கு. கடினமான எதிராளிகளையே அட்டவணையில் அடுக்கி வைத்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் தேசியப் போட்டியில், அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத கனெக்டிகட்டை 91-81 என்று வீழ்த்தி, பட்டத்தையும் வாங்கினார்கள். அடுத்த வருடம் 39 ஆட்டம், 39 வெற்றி. ஷமீக்வா ஹோல்ட்ஸ்க்ளா, டமிகா கேட்சிங்ஸ் போன்ற நட்சத்திர வீராங்கனைகள் இருந்த அணி அது.

அவருடைய முறைப்பு பிரபலம். ஆட்டக்காரிகள் வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும், காரணமில்லாமல் வகுப்பைத் தவறவிட்டால் ஆட்டம் கிடையாது. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் வாங்கினார்கள். ஆனால் கண்டிப்பை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். கேட்சிங்ஸுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில் குறை. கிண்டலுக்குப் பயந்து சிறு வயதில் காது கேட்கும் கருவியை எறிந்துவிட்டவர். அவரை மறுபடி கருவி மாட்ட வைத்தவர் பாட்.

1990-ல் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. நிறைமாதக் கர்ப்பத்தோடு ஒரு வீராங்கனையைச் சேர்க்கப் பென்சில்வேனியா போனார். அங்கே பிரசவ வலி. திரும்பும் விமானத்தில், வர்ஜீனியாவில் இறக்கிவிடவா என்று கேட்டார்கள். முந்தைய சீசனில் தன்னைத் தோற்கடித்த மாநிலத்தில் பிள்ளை பெறுவதா? முடியாது என்று டென்னசி பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் வரைக்கும் தாங்கிக்கொண்டு வந்தார்.

ஆண்கள் அணியின் கோச் வேலைக்கும் அவர் பெயர் அடிபட்டது. அதை ஏன் பதவி உயர்வு என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

ஒன்று மட்டும் நான் இதுவரை சொன்னதோடு ஒட்டவில்லை. 2007-ல் கனெக்டிகட்டோடு ஆடுவதை அவரே நிறுத்திவிட்டார். ஆள் சேர்ப்பு தொடர்பான மனக்கசப்பு. வெளிப்படையாக விளக்கம் தரவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் நட்சத்திர வீராங்கனை கேன்டஸ் பார்க்கரோடு இரண்டு பட்டம் வாங்கினார், ஆனாலும் ரசிகர்களுக்கு அது நஷ்டம்தான்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு இளவயது அல்சைமர் வகை மறதி நோய் என்று அறிவித்தார். உதவிக் கோச் ஹாலி வார்லிக் பெரும்பகுதி வேலையை ஏற்க, இன்னும் ஒரு சீசன் இருந்தார். நோய்க்காக அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு 10,000 டாலர் காசோலை அனுப்பியவர்களில் ஆரியெம்மாவும் உண்டு. கடைசி ஆட்டம் 2012 மார்ச்சில், பேலர் அணியிடம் தோல்வி. எதிரணிக் கோச் கிம் மல்கி, 1984-ல் பாட் தங்கம் வாங்கிக் கொடுத்த ஒலிம்பிக் அணியில் ஆடியவர். 2016 ஜூன் 28-ல், 64 வயதில் பாட் இறந்தார்.

வெற்றிக் கணக்கில் 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணியின் கோச் தாரா வான்டர்வீர் அவரைத் தாண்டினார். 2024 நவம்பரில் ஆரியெம்மா தாராவையும் தாண்டினார். டென்னசியும் கனெக்டிகட்டும் 2020 ஜனவரியில் மறுபடி ஆட ஆரம்பித்தன. அன்றைக்கு டென்னசி கோச் கெல்லி ஹார்ப்பர், பத்து ஆட்டம் தோற்றுப் பட்டம் வாங்கிய அந்த 1997 அணியில் ஆடியவர். கனெக்டிகட்டின் ஊரில் ஆட்டம், 60-45, டென்னசி தோற்றது. அடுத்த வருடமும் ஆடினார்கள்.