கடற்பாசி சாப்பிட்டால் ஈரல் சரியாகுமா?

சரி, அடுத்த கேள்வி நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. அப்பாவுக்கு ஸ்கேன் செய்து பார்த்ததில் ஈரலில் கொழுப்பு என்று சொல்லிவிட்டார்களாம். கடற்பாசியில் ஈரலைக் காக்கிற சத்து இருக்கிறதாமே, கரையில் ஒதுங்குகிற பாசியைக் காயவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாமா, இல்லாவிட்டால் குளிசையாக வாங்கவா என்று கேட்கிறார்.

நான் டொக்டர் இல்லை, உயிரியல் படிப்பிக்கிற ஆள். அந்த அளவில் சொல்கிறேன்.

கதை பொய் இல்லை. கரையில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களோடு கபில நிறத்தில் கிடக்குமே, சார்காசம், அந்த வகைப் பாசிகளில் ஃபுக்கோய்டான் என்று ஒரு பல்சக்கரைட்டு, அதாவது சீனி மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த ஒரு பொருள், இருக்கிறது. ஆய்வுகூடத்தில் எலிக்குக் காபன் நாற்குளோரைட்டு என்ற நஞ்சைக் கொடுப்பார்கள், அது ஈரலுக்குப் போனதும் ஈரலின் நொதியமே அதை உடைத்து இன்னும் பொல்லாத ஒன்றாக மாற்றிவிடும், அது கலத்தின் மென்சவ்வை அரிக்க, உள்ளே இருக்கிற ஏஎல்டி, ஏஎஸ்டி என்கிற நொதியங்கள் எல்லாம் இரத்தத்துக்குள் கசியும். உங்கள் அப்பாவின் ரிப்போட்டிலும் இந்த இரண்டு பெயரும் இருக்கும், பாருங்கள். பாசிச்சாறு குடித்த எலிக்கு அந்த எண்கள் அவ்வளவு ஏறுவதில்லை.

ஆனால் அந்தச் சாற்றைப் பெரும்பாலும் நஞ்சுக்கு முன்பே, நாட்கணக்காகக் கொடுத்திருப்பார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்குகிற மாதிரி. அப்பா ஏற்கெனவே நனைந்தவர், அதுவும் வேறு மழையில். அவருக்கு ஈரலில் சேர்ந்தது பெரும்பாலும் சீனியும் சோறும் வயிற்றுச் சதையும் கொண்டுவந்த கொழுப்பு, குடிக்கிறவர் என்றால் அதுவும் சேரும். பனடோலை அளவுக்கு மிஞ்சி விழுங்கி ஈரல் கெட்டுப்போகிறவர்களுக்குக்கூட ஆஸ்பத்திரியில் கொடுப்பது அசெற்றைல்சிஸ்டீன் என்ற மருந்துதான், பாசி இல்லை.

அப்புறம், எந்தப் பாசி? நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கடற்பாசி காய்ச்சுவார்களே, எனக்கும் நல்ல விருப்பம், அது சிவப்புப் பாசியில் இருந்து எடுக்கிற அகார். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் மொஸ் என்று பெயர் வாங்கிய கஞ்சிப்பாசியும் சிவப்பு இனம்தான். ஃபுக்கோய்டான் கபிலப் பாசியின் சரக்கு, இவற்றில் தேட வேண்டாம். போதாததற்கு நாங்கள் அதில் கொட்டுகிற தேங்காய்ப்பாலையும் சீனியையும் அப்பாவின் ஈரல் தாங்காது!

கரையில் பொறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். பாசி கடலில் இருக்கிற ஆசனிக்கையும் பார உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சார்காச இனத்திலேயே ஹிஜிகி என்று ஜப்பானியர் சாப்பிடுகிற ஒன்று, அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2004 இல் அறிவித்தது, காரணம் ஆசனிக்தான். அயடீன் இன்னொரு தொல்லை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், சில கபிலப் பாசிகளில் ஒரு சின்னத் துண்டே அதைத் தாண்டிவிடும், தைரொய்ட் வருத்தம் உள்ளவர்களுக்கு அது நல்லதில்லை.

ஈரல் கொழுப்புக்கு நன்றாக நிரூபணமானது நிறை குறைப்பதுதான். 80 கிலோ ஆள் மெதுவாக ஆறு, எட்டுக் கிலோ குறைத்தால் கொழுப்போடு வீக்கமும் இறங்கும். பிளேன்டீயில் போடுகிற சீனியில் இருந்து தொடங்கலாம்.

குளிசைப் போத்தல் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அடுத்த கிளினிக்குக்கு அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஃபுக்கோய்டானுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கிற குணம் உண்டு, அப்பா இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் குளிசை போடுகிறவர் என்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம்.