பொங்கல் பானையும் பொடி எழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம். பொங்கலன்று தாராவி 90 அடி சாலைக்கு வந்திருப்பவர்களுக்குத் தெரியும், தெரு நெடுகப் பானைகள் வரிசையாக அடுப்பில் ஏறியிருக்கும். சில வருடங்களுக்கு முன் அங்கே என் சித்தி வைத்த பானையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். புதுக் கேமரா. நுரை விளிம்பைத் தொட்டு, "பொங்கலோ பொங்கல்" என்று எல்லாரும் குரல் கொடுத்த அந்த நொடியில் பதிவு நின்றுபோனது. மெமரி கார்டின் வேகம் போதவில்லை என்று திரையில் ஒரு வரி. "எடுத்துட்டியாப்பா?" என்று சித்தி கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கார்டின் மேல் 95 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நொடிக்கு 95 எம்பி, அதாவது மெகாபைட். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் அது படிக்கும் வேகம், கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்களை மாற்றும்போது கிடைப்பது. அதுவும் அதிகபட்சம். வீடியோ எடுக்க வேண்டியது எழுதும் வேகம். எந்த நிலையிலும் இதற்குக் கீழே இறங்காது என்கிற உறுதி. அந்த உறுதியைப் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். சி என்ற ஆங்கில எழுத்துக்குள் 10 இருந்தால் நொடிக்கு 10 எம்பி. யு எழுத்துக்குள் 3 இருந்தால் 30. வி30, வி60, வி90 என்று இருந்தால் அந்த எண்ணே அளவு.

என் கேமரா 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் கணக்கில் எழுதும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், எனவே எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. என் கார்டு உறுதி தந்ததோ பத்துக்கு மட்டும். வி30 வாங்கியிருந்தால் பானை பொங்கியது பதிவாகியிருக்கும்.

அதற்காக வி90 வாங்கிவிடாதீர்கள். விலை அதிகம். அந்த வேகத்துக்கு கார்டின் பின்பக்கம் இரண்டாவது வரிசை உலோகப் பற்கள் இருக்கும். கேமராவிலும் அதற்கேற்ற இடம் இல்லையென்றால் காசு தண்டம். பழைய கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எஸ்டிஹெச்சி என்ற பழைய வகைக் கார்டு வரைதான் ஏற்கும் கேமராவுக்கு 32 ஜிபிக்கு மேல் வாங்கக் கூடாது.

அப்புறம், போலி கார்டு. 512 ஜிபி பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 16 ஜிபியாக இருக்கலாம், 512 என்று பொய் சொல்லும்படி அதன் சில்லை மாற்றியிருப்பார்கள். கொஞ்சம் படம் எடுக்கும் வரை ஒன்றும் தெரியாது. அளவு தாண்டிய பிறகு எடுத்த படங்களுக்குப் பெயர் மட்டும் இருக்கும், திறந்தால் வெறுமை. எனவே விசேஷத்துக்கு முன்பே சோதியுங்கள். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்குக்கு எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்காகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மாட்டுங்காவில் கல்யாணம் எடுக்கப் போகும்போது 128 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 இரண்டு கொண்டுபோகிறேன். தாலி கட்டி முடிந்ததும் முதல் கார்டு சட்டைப் பைக்குப் போய்விடும். சிவப்பு விளக்கு அணையும் வரை காத்திருந்துதான் கழற்றுவேன், கேமரா அப்போதும் எழுதிக்கொண்டிருக்கும். தவறிப் படங்களை அழித்துவிட்டால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். மேலே புதிதாக எதுவும் எழுதாத வரை, மீட்டெடுக்கும் மென்பொருளால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும்.