படம் முடிந்ததும் டிஸ்க்கை எடுத்துவிடாதீர்கள்

விளக்கைப் போட்டதுமே சிலர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். அதிகம் பேச மாட்டேன்.

இப்போது நாம் பார்த்த 'பாத்ஸ் ஆஃப் குளோரி' 1957இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது. முதல் உலகப் போரில் ஒரு தாக்குதல் தோற்றுப்போனதும், கோழைகள் என்று மூன்று பிரெஞ்சுச் சிப்பாய்களைப் பொறுக்கி எடுத்து ராணுவமே விசாரிக்கும் கதை. நான் இதை முதலில் பார்த்தது தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டில். அந்த ராணுவ நீதிமன்றக் காட்சியில் தரை வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. 2010இல், பழைய படங்களைச் செப்பனிட்டு வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் ப்ளூ-ரே வெளியிட்ட பிறகுதான், அது சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட தரை என்பதே எனக்கு உறைத்தது. ம்யூனிக் பக்கத்தில் இருக்கும் ஷ்லைஸ்ஹைம் அரண்மனை அது. குப்ரிக் சதுரங்கப் பித்தர் வேறு. அந்த மூன்று சிப்பாய்களையும் அந்தக் கட்டங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார். வெட்டுக் கொடுப்பதற்கென்றே நகர்த்திய காய்கள்.

விசாரணை எப்படி நடந்தது, பார்த்தீர்கள் அல்லவா? குற்றப்பத்திரிகையைப் படிக்கவில்லை. நடந்ததை எழுதிக்கொள்ள ஆள் இல்லை. ஒருவன் வீரப் பதக்கம் வாங்கியவன். அதைச் சொல்லப் போனால், அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். அவன் பெயர் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வந்தது!

இதெல்லாம் கதைக்காகச் சேர்த்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்புறம் அதே டிஸ்க்கில் இணைப்பாக இருந்த ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சிப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். தெயோஃபில் மோப்பா என்பவரைப் பற்றியது. பள்ளிக்கூட வாத்தியார், போரில் கார்ப்பரல், அதாவது சிப்பாய்க்கு அடுத்த சின்னப் பதவி. 1915 மார்ச்சில் பிரான்ஸில் சுவேன் என்ற ஊருக்கு அருகே அவருடைய படைப்பிரிவுக்குத் தாக்குதல் உத்தரவு வந்தது. எதிரே முள்கம்பி வேலி அறுபடாமல் அப்படியே நிற்கிறது, சொந்தப் பீரங்கிக் குண்டுகளே பக்கத்தில் வந்து விழுகின்றன. யாரும் பதுங்குகுழியை விட்டு ஏறவில்லை. ஜெனரல் ரெவெயாக், நம் ஆட்கள் இருக்கும் குழி மேலேயே சுடு என்றார். பீரங்கிப் படை அதிகாரி, எழுதிக் கொடுத்தால் சுடுகிறேன் என்று மறுத்துவிட்டார். படத்திலும் இந்தக் காட்சி வந்ததே, அது நிஜம்தான். மார்ச் 16 விசாரணை, 17ஆம் தேதி மோப்பாவையும் இன்னும் மூன்று கார்ப்பரல்களையும் சுட்டுக் கொன்றார்கள்.

மோப்பாவின் மனைவி ப்ளான்ஷ். அவரும் ஆசிரியைதான். கணவர் கோழை இல்லை என்று நிரூபிக்க அந்த அம்மா மனு மேல் மனுவாகப் போட்டார். மனித உரிமைச் சங்கம் துணைக்கு வந்தது. மனுக்கள் தள்ளுபடி ஆகிக்கொண்டே இருந்தன. கடைசியில் 1934இல், பத்தொன்பது வருஷம் கழித்து, ஒரு சிறப்பு நீதிமன்றம் நான்கு பேர் மீதிருந்த களங்கத்தையும் நீக்கியது. நஷ்டஈடு? அடையாளமாக ஒரு ஃப்ராங்க்.

அந்தத் தீர்ப்பு அமெரிக்கப் பத்திரிகையில் சின்னச் செய்தியாக வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எழுத்தாளர் ஹம்ஃப்ரி காப் 1935இல் நாவலை எழுதினார். அந்த நாவல்தான் இந்தப் படம். ப்ளான்ஷ் மனுப் போடாமல் வீட்டில் அழுதுகொண்டு இருந்திருந்தால் செய்தி இல்லை, நாவல் இல்லை, நாம் இன்று இங்கே கூடியிருக்கவும் மாட்டோம். ஆனால் படத்தில் அவர் இல்லை. மனதில் நிற்கும் பெண் என்றால் கடைசியில் பாடும் அந்த ஜெர்மன் பெண் ஒருத்திதான். பின்னாளில் குப்ரிக்கின் மனைவியானவர். இது படத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். குப்ரிக் சிப்பாய்களோடு நின்றுகொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் டிஸ்க் அங்கே நிற்கவில்லை.

இந்தப் படம் பிரான்ஸில் திரைக்கு வர 1975 ஆகிவிட்டது. ப்ளான்ஷ் அதற்குள் காலமாகிவிட்டார்.

சரி, காவலாளி சாவியோடு நிற்கிறார். டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. அந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.