பிச்சைக்கு உதவாத கைகள்

(லெந்து என்னும் தவக்கால நாட்களில் நடந்த கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு கேள்வி வெகுநாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எரிகோவை விட்டுப் போகிற வழியில் பர்திமேயு என்ற குருடன் உட்கார்ந்து பிச்சை கேட்கிறான். இயேசு வருகிறார் என்று தெரிந்ததும் "எனக்கு இரங்கும்" என்று கூப்பிடுகிறான். கூட்டத்தார் அதட்டுகிறார்கள். ஆண்டவர் நின்று, அவனை வரவழைத்துக் கேட்கிறார்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?"

கண் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடப் பதில் சொல்லிவிடுவார்களே.

ஆனால் அவன் பிழைப்பை எண்ணிப் பாருங்கள். காசு கேட்டிருந்தால் அன்றைக்கும் காசுதான் கிடைத்திருக்கும். அவன் பார்வையைக் கேட்டான். பார்வை வந்த மறுநாள் யார் அவனுக்குப் பிச்சை போடுவார்கள்? அந்த யோசனையில்தான் எனக்கு வேலூரின் நினைவு வந்தது.

டாக்டர் பால் பிராண்டைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிகளின் பிள்ளையாகப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அந்தக் கையில் பலம் இருக்காது என்று எண்ணிக் கையை நீட்டியவருக்கு வலி பொறுக்கவில்லை. நகம் பதியும் அளவுக்குப் பிடி.

அந்தப் பிடியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. செத்துப்போனவை சில தசைகள் மட்டுமே, மற்றவை நல்ல பலத்தோடு இருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்தது. பலமுள்ள தசையை எலும்போடு இணைக்கும் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. பரிதாபப்பட்டவர்கள் அவருக்கு முன்னும் ஏராளம். அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தவர்கள்தான் அரிது.

தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். உண்மையில் நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதால், சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கை அறியாது. இரவில் படுக்கும்போது இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் காணாமல் போன மர்மமும் உண்டு. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவர்களின் உணர்வற்ற விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு, சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். பூனை! அது தேவை என்று எந்த நன்கொடைப் பட்டியலில் எழுதியிருப்போம்?

இப்போது பர்திமேயுவிடம் திரும்புகிறேன். விரல்கள் நிமிர்ந்து வெளியே போன ஒருவர் மறுபடி பிராண்டிடம் வந்து குறைபட்டாராம். முன்பு கொக்கிக் கையை நீட்டினால் காசு விழுந்தது. இப்போது கை நன்றாக இருக்கிறது, ஆனால் தொழுநோயாளி என்று யாரும் வேலை தருவதில்லை, வீடு தருவதில்லை. இந்தக் கை பிச்சைக்கும் உதவாது. பிராண்ட் இதை நன்றிகெட்ட பேச்சு என்று தள்ளவில்லை. அறுவை முடிந்தவர்கள் தங்கித் தொழில் கற்க, கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. அங்கே தச்சுவேலை கற்றார்கள்.

"உண்மையான தேவை எது, ஏமாற்று எது என்று எப்படி ஐயா கண்டுபிடிப்பது?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. "வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்று பவுல் எழுதியதையும் உடனே எடுத்துக்காட்டுவார்கள். அதில் "மனதில்லாதிருந்தால்" என்ற சொல்லை மட்டும் வேகமாக வாசித்துவிடுகிறோம். அந்த வேலூர்க்காரருக்கு மனதிருந்தது, வேலைதான் இல்லை. பத்து ரூபாயை எடுக்கும்போது எதிரில் நிற்பவர்மேல் வருகிற சந்தேகம், அவருக்கு என்ன தேவை என்று நாமே போட்ட கணக்கின்மேல் ஒருபோதும் வருவதில்லை.

நானும் அப்படிக் கணக்குப் போட்டவன்தான். முன்பு நான் இருந்த சபையில் கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலை கொடுப்போம். ஒரு வருடம், வராத ஒரு பாட்டியின் வீட்டுக்கு நானே சேலையைக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே நான்கு சேலைகள், மடிப்பு கலையாமல், கடை லேபிளோடு. எல்லாம் நாங்கள் கொடுத்தவை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆண்டவர் கேட்ட கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: "உங்களுக்கு என்னதான் வேண்டும் பாட்டி?"

"முன்வாசலில் ஏழு படி ஐயா, முழங்கால் ஏற விடமாட்டேன் என்கிறது. பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வந்து உட்காருவேன்" என்றார்.

மூன்று வருடமாக அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆராதனையைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெளியே இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.